சேஃப்டி லீவரும் கத்தரிப்பூச் சாரியும்

துவக்குத் திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் எவரும் துவக்கைப் பற்றி முதலில் கதைப்பதில்லை. மழையைப் பற்றிக் கதைப்பார்கள், பிறகு கோப்பியைப் பற்றி, கடைசியில் கதவடியில் நின்றுகொண்டு, கையில் பெட்டி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல அதைத் தூக்கி மேசையில் வைப்பார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை நொந்துபோன சக பாவிகளே, நீங்கள் துணி விற்கிறீர்களோ, பல் பிடுங்குகிறீர்களோ, எனக்குத் தெரியாது. என் வேலை ஒஸ்லோவில் ஒரு சின்னக் கடையின் பின்னறையில் பிஸ்டல்களைக் கழற்றித் துடைத்துத் திருத்துவது. அதற்கு முன் பல வருடம் ஒரு பெரிய சமையற்கூடத்தில் தட்டுத் தூக்கினேன். பிறகு ஒரு நாள் தட்டுத் தூக்கியது போதும் என்று முடிவெடுத்து, நுண் இயந்திர வேலை படித்து, இந்தக் கடை முதலாளி ரூனேயிடம் வந்து சேர்ந்தேன். ரூனே அறுபது வயதுக்காரர். காலையில் ஒரு வசனம், மத்தியானம் பாண் சாப்பிடும்போது ஒரு வசனம், போகும்போது ஒரு வசனம் என்று அளந்து கதைப்பார். ஆறு மாதச் சோதனைக் காலம், அது முடிந்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றைக்குரிய மூன்று வசனமும் அதோடு முடிந்தது.

எனக்கு அந்த வேலை மேசை பிடித்துப்போயிற்று. யன்னலோரம், வரிசையாக அரங்கள், எண்ணெய் மணம், என்னைக் கேட்காமல் ஒருவரும் தொடமாட்டார்கள். வீட்டில் அப்படி ஒரு மூலை எனக்கு இருந்ததில்லை. அதை விட்டுத் திரும்பத் தட்டுத் தூக்கப் போக மனமே இல்லை. அந்தச் சோதனைக் காலத்தின் கடைசி மாதத்தில் தொடங்கியவைதான் இவை.

என்ன கடை?

முதலில் ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரமான திராமனில் என் மச்சாள் இருக்கிறார், என் கணவரின் தங்கை. பெயர் வதனி. முதியோர் இல்லமொன்றில் வேலை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம், யார் எத்தனை கிலோ, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் ஓடாது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அன்பான மனுஷி, ஆனால் கண் மட்டும் சுங்கக்காரர் கண்.

அவருக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. ஏன் என்று யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருடப் பிறப்புக்கு இங்கே வாணம் விடும்போது கட்டிலறையில் யன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு இருப்பார். அவரிடம் போய் நான் பிஸ்டல் திருத்துகிறேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கும் ஆரம்பத்தில் தொடப் பயம்தான். கழற்றி மேசையில் பரப்பினால் அதுவும் ஒரு தையல் மெஷினைப்போல இரும்புத் துண்டுகள்தான் என்று தெரிந்த பிறகுதான் பயம் விட்டது. அதை மச்சாளுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே வேலை கிடைத்த செய்தியை அவரிடம் சொல்லும் பொறுப்பை என் கணவரிடம் விட்டேன். அவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர், நெரிசலில் வளைந்து போகத் தெரிந்தவர். தொலைபேசியை வைத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தார். "நளா, விளையாட்டுச் சாமான் கடை எண்டு சொல்லிப்போட்டன். பொய் இல்லைத்தானே, உவை எல்லாம் விளையாட்டுக்குத்தானே சுடுகினம்?"

பெரித்தின் பெருவிரல்

அந்த இலையுதிர் காலத்தில் ரூனே புதிதாக ஒரு வகைப் பிஸ்டல் எடுத்து விற்றார். இலக்குச் சுடும் போட்டிக்காரர்களுக்கானது. பார்க்க அழகு, பிடித்தால் கைக்கு அடக்கம். ஒரேயொரு குறை, அதன் சேஃப்டி லீவர். பெருவிரலால் கீழே தள்ளினால் சுடலாம், மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அந்தச் சின்ன இரும்பு நாக்கு. அதை வார்த்த புண்ணியவான் விளிம்பை மழுக்காமல் விட்டுவிட்டான். தள்ளுகிற ஒவ்வொரு முறையும் பெருவிரலின் தோலைச் சீவும்.

அதை வாங்கியவர்களில் ஒருவர் பெரித். ஓய்வு பெற்ற தபால் ஊழியர், தன் கழகத்தில் பெயரெடுத்த சூட்டுக்காரி. ஒரு நாள் வந்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். கோப்பி குடித்தார். கோப்பிக் கோப்பையைப் பிடித்த கையில் பெருவிரல் முழுக்கப் பிளாஸ்டர், அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டர். கேட்டதும் சாவகாசமாகச் சொன்னார்: இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறாராம், சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காதாம், சுடும் மேசை இரண்டு முறை நனைந்துவிட்டதாம். இன்னொரு முறை ரத்தம் கண்டால் கழகத்தின் இலையுதிர்காலப் போட்டியில் விடமாட்டேன் என்று சுடுதளப் பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம்.

எங்கள் ஆட்கள் என்றால் இந்த இடத்தில் கடையையே தலைகீழாகப் புரட்டியிருப்பார்கள். காசைத் திருப்பிக் கேட்டு, முதலாளியைக் கூப்பிடச் சொல்லி, பக்கத்துக் கடைக்காரரையும் சாட்சிக்கு இழுத்திருப்பார்கள். பெரித் பெட்டியை மேசையில் வைத்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: "கொஞ்சம் கூர் போலிருக்கிறது. பரவாயில்லை, எனக்கு இன்னொரு பெருவிரலும் இருக்கிறது."

என் முதல் வைத்தியம்

ரூனே லீவரைக் கழற்றி என் கையில் தந்தார். முதன்முதலாகத் தனியாகச் செய்ய ஒரு வேலை. வெளியே விரல் படுகிற விளிம்பை மட்டும் மழுக்க வேண்டும், உள்ளே போய்ப் பூட்டுகிற பகுதியில் அரம் பட்டால் நீ அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். மத்தியான வசனமும் பின்னேர வசனமும் ஒன்றாகச் செலவாகிவிட்டன.

நான் மூச்சைப் பிடித்து அராவினேன். எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன். பெருவிரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. இன்னொரு முறை அழுத்தித் தடவினேன், ஒன்றுமே தெரியவில்லை. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. பூட்டி, பெரித்திடம் கொடுத்து, பிளாஸ்டர்ப் பெட்டியை இனித் தூக்கி எறியலாம் என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பினேன்.

எங்கே பிழைத்தேன் என்று இப்போது தெரியும். அராவினால் விளிம்பில் மயிரிழைபோல ஒரு பிசிர் எழும்பும், கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத்தான் தெரியும். ஆனால் என் தோல் யாருடைய தோல்? கொதிக்கிற தட்டைத் துணியில்லாமல் தூக்கின தோல். தினமும் தோசையைக் கையால் பிரட்டுகிற தோல், ரொட்டியை நெருப்பில் வாட்டி விரலால் திருப்புகிற தோல். அந்தப் பெருவிரலில் சவரக்கத்தியை வைத்தாலும் கூர் என்று ஒத்துக்கொள்ளாது. நான் ஒரு பழுதான கருவியை வைத்து அளந்திருக்கிறேன்.

இரண்டு நாளில் பெரித் வந்தார். மழையைப் பற்றிக்கூட அன்றைக்குக் கதைக்கவில்லை, அதிலேயே விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. சுடுதளத்துக்குப் போகாமல் வீட்டில் வைத்துத்தான் தள்ளிப் பார்த்தாராம், நல்லகாலம். பெருவிரலில் மூன்றாவது பிளாஸ்டர். முகத்தில் அதே மரியாதை. "நன்றாக வேலை செய்திருக்கிறீர்கள். முன்பு ஒரு பக்கம்தான் வெட்டியது."

குங்குமம்

அந்த வாரம் நவராத்திரி. வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களோடு நானும் என் சின்ன அரத்தை இரகசியமாக வைத்தேன். ஆகவே கார்த்திக்கைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லைதான், இருந்தாலும் சிரித்தேன்.

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை. எங்களுக்குத் துவக்கு, அவருக்குத் துப்பாக்கி. நான் ஆம் என்பதற்கு 'ஓம்' என்றால் ஒவ்வொரு முறையும், மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டேனோ என்பதுபோல நிமிர்ந்து பார்ப்பார். அவரும் அதே பிஸ்டலைத்தான் வாங்கியிருந்தார். அன்றைக்கு வந்தபோது அவர் பெருவிரல் பஞ்சுத் துணி சுற்றி ஒரு கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இன்னொருவரையும் வெட்டிவிட்டதா?

"இல்லக்கா, விரலுக்கு ஒண்ணுமே இல்ல," என்றார் வெட்கத்தோடு. ஆயுத பூஜைக்குப் பிஸ்டலுக்குப் பொட்டு வைத்தாராம். பைக்குக்கு வைக்கிறோம், லேப்டாப்புக்கு வைக்கிறோம், இதற்கு வைக்காமல் விட்டால் எப்படி? பொட்டு வைக்க வாட்டமாக நீட்டிக்கொண்டு நின்றது அந்த லீவர் ஒன்றுதான். சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் தாராளமாகக் குங்குமம். மறுநாள் மழையில் நனைந்த கையோடு சுடுதளத்துக்குப் போய் லீவரைத் தள்ளினார். சிவப்பு வழிந்து மேசைக்கு வந்துவிட்டது. பொறுப்பாளர் எல்லோரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லி, மருந்துப் பெட்டியோடு ஓடி வந்து, பதறிப் பதறிக் கட்டுப் போட்டிருக்கிறார். இவரோ கழகத்துக்குப் புதியவர். அவ்வளவு அக்கறையாகக் கட்டுகிற மனுஷனிடம் காயமே இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, சும்மா விரலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தக் கட்டைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை, வழியில் பொறுப்பாளர் கண்டால் என்ன நினைப்பார் என்ற பயம். நான் கட்டை அவிழ்க்க அவிழ்க்க அவர் கவலையோடு கேட்டார்: "ஏன்க்கா, அவரைப் பார்த்தா கொஞ்சம் நொண்டவா?"

ரூனே நிறையப் பேசிய நாள்

அந்தப் பொறுப்பாளர் சும்மா இருக்கவில்லை. பெரித் ஒன்று, கார்த்திக் இரண்டு என்று கணக்குப் போட்டுக் கடைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். ஒரே வகைப் பிஸ்டல், இரண்டு பேருக்கு ரத்தக் காயம். குங்குமத்தை விளங்கப்படுத்த நான் வாயைத் திறப்பதற்குள் ரூனே பின்னறைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பினால் மாதக்கணக்காகும் என்றார். போட்டி வருகிற சனிக்கிழமை என்றார். இந்த ஊரில் சூட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள், ஒரு கடையின் பெயர் கெட ஒரு கோப்பி குடிக்கிற நேரம் போதும் என்றார். நீ அராவிய பிறகும் வெட்டுகிறது என்றால் அது பிஸ்டலின் குறை இல்லை, எங்கள் குறை என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவரோ காலநிலை அறிவிப்பு வாசிக்கிறவர்போல ஒரே குரலில் சொன்னார். கடைசியில் பெரித்தின் லீவரை என் மேசையில் வைத்தார்.

"பெரித் சனிக்கிழமை ரத்தமில்லாமல் சுட்டால், திங்கட்கிழமை உன் நிரந்தர வேலையைப் பற்றிப் பேசுவோம். இல்லாவிட்டாலும் திங்கட்கிழமை பேசுவோம்."

சாரி

அன்று பின்னேரம் ஹவுகெட்டோவில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது அழுகைதான் வந்தது. வீட்டில் ஒரு பார்சல் காத்திருந்தது. மச்சாள் திராமனில் புது வீடு வாங்கியிருந்தார், அடுத்த மாதம் குடிபூரல். குடும்பப் பெண்கள் எல்லோரும் ஒரே சாரி கட்ட வேண்டும் என்று சென்னையிலிருந்து மொத்தமாக எடுப்பித்து அனுப்பியிருந்தார். கத்தரிப்பூ நிறம், வெள்ளிக் கரை, ஆறு யார் நீளம் (கார்த்திக் பாஷையில் ஆறு கஜம்), காற்றில் பறக்கிற மெல்லிய துணி. எனக்கு அந்த நிறம் பொருந்தாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அது வேறு விஷயம்.

விரித்துத் தடவினேன். 'பிர்ர்' என்று ஒரு சத்தம். என் பெருவிரல் சாரியின் நூலைப் பிடித்து இழுத்துவிட்டது. வெடித்துச் சொரசொரத்த தோல், அதுவே ஒரு அரம். ஐயோ என்று விரலை எடுத்தவள் அப்படியே நின்றேன். என் விரலுக்குத் தெரியாதது இந்தச் சாரிக்குத் தெரிகிறதே! சாரி கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? காப்பின் கொளுக்கி, கார்க் கதவு, கதிரைக் கால், எங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிர் இருந்தாலும் அதைத் தேடிப் போய் மாட்டிக்கொள்வதுதானே சாரியின் குணம். கத்தரிக்கோலை எடுத்தேன். இடுப்புக்குள் செருகுகிற உள்முனையில் ஒரு சாண். அது யார் கண்ணிலும் படாது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் வேலை முடிந்து உள்ளே வந்தார். புதுச் சாரி, கையில் கத்தரிக்கோல், கண்ணில் தண்ணீர். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மெதுவாக, பஸ்ஸில் குடிகாரனோடு கதைக்கிற குரலில் சொன்னார்: "நளா, நிறம் பிடிக்காட்டில் தங்கச்சியோடை நான் கதைக்கிறன். நீர் அதைக் கீழை வையும்."

ஆறு யார்

மறுநாள் லீவரை வைஸ் இடுக்கியில் பிடித்து, சாரித் துண்டை அதன் மேல் மெல்ல இழுத்தேன். மூன்று இடத்தில் மாட்டியது. மாட்டிய இடத்தில் கல்லால் ஒரு தேய், பிறகு மிருதுவான தேய்ப்புத் தாள், பிறகு சாரி. இரண்டு இடத்தில் மாட்டியது. திரும்பவும் தேய், திரும்பவும் சாரி. நூல் இழுபட்ட இடம் பிறகு உதவாது, புதிய இடம் வேண்டும். ஒரு சாண் துணி ஒரு லீவருக்கே போய்விட்டது. கடைசியில் துணி தண்ணீரைப்போல வழுகிக்கொண்டு போயிற்று. நான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன், வேலைக்காக இல்லை, சந்தோஷத்துக்காக.

ரூனே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. துணியை வாங்கினார். தானும் இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முன்னறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்து, அந்தப் பிஸ்டலை வாங்கிய அத்தனை பேருக்கும் ஒருவர்பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்: கொண்டு வாருங்கள், காசு வேண்டாம், லீவரை மழுக்கித் தருகிறோம். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசித் தொலைபேசியையும் வைத்துவிட்டுப் பின்னறைக்குள் தலையை நீட்டினார்.

"இந்தத் துணி உன்னிடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

போட்டி

சனிக்கிழமை நான் சுடுதளத்துக்குப் போனேன். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். பெரித் நிமிர்ந்து நின்று சுட்டார். பொறுப்பாளர் அவருக்குப் பின்னால் மருந்துப் பெட்டியோடு காவல். கார்த்திக் மூன்றாவது மேசையில் மிகவும் ஆரோக்கியமான ஒரு பெருவிரலோடு நின்றார், பொறுப்பாளர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அதைச் சட்டைப் பைக்குள் மறைத்தார். எனக்கு இலக்குப் பலகை ஒன்றும் தெரியவில்லை. நான் பெரித்தின் பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளினார், சுட்டார், பூட்டினார். பிளாஸ்டர் இல்லாத விரல். மேசை வெள்ளையாகவே இருந்தது. அம்மாளாச்சி, இப்படியே இருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

முடிந்ததும் வெளியே வந்தார். போட்டியில் அவர் ஐந்தாவது. எனக்கு அது முதலிடம் மாதிரி, ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் தன் விரலை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "இனிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் சங்கடம், ஐந்தாவதாக வந்ததற்கு நான் இப்போது எதைக் காரணம் சொல்வது?"

குடிபூரல்

திங்கட்கிழமை ரூனே கைகுலுக்கினார். அனுப்புவதற்கான கைகுலுக்கல் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் எடுத்தது. நிரந்தர வேலை. அன்றைக்கு ரயிலில் எல்லோரும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் பைத்தியம்போலச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்த மகிழ்ச்சியில் சாரியை மறந்துபோனேன். குடிபூரலன்று காலை கட்டத் தொடங்கியபோதுதான் விபரீதம் தெரிந்தது. ஒவ்வொரு லீவருக்கும் ஒரு சாண், ஒரு சாண் என்று வெட்டி வெட்டி, ஆறு யாரில் நல்ல பங்கு பிஸ்டல்களுக்குப் போய்விட்டது. இடுப்பைச் சுற்றி, தலைப்புக்கும் விட்டால், முன்னால் மடித்துச் செருகும் கொய்யகத்துக்கு மிஞ்சியது இரண்டு மடிப்பு. தலைப்பைக் குறைத்தேன், மூன்று மடிப்பு வந்தது. மற்றப் பெண்கள் எல்லோரும் கத்தரிப்பூ விசிறியாக விரிந்து நிற்க, நான் தலையணை உறைக்குள் திணித்ததுபோல நின்றேன். நடந்தால் அரை அடி, அதற்கு மேல் கால் போகாது.

பால் பொங்கியது. ஐயர் மந்திரம் சொன்னார். மச்சாள் ஆட்களை வரவேற்றுக்கொண்டே, சுங்கக்காரக் கண்ணை என் கொய்யகத்தில் ஒரு தரம் ஓட்டினார். பிறகு இடுப்பில் ஓட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து, என் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் இரக்கத்தோடு ஒரு தீர்ப்புச் சொன்னார். உண்மையைச் சொன்னால் துவக்கைச் சொல்லவேண்டி வரும். ஆகவே நான் தலையாட்டி ஒத்துக்கொண்டேன். பக்கத்தில் என் கணவர் பாயாசத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மச்சாள் சொன்னது இதுதான்: "என்ன மச்சாள், எல்லாருக்கும் ஒரே அளவுச் சாரிதானே எடுத்தனான்? நல்லாய்க் கொழுத்திட்டீர்!"

பட்மின்ரன் மட்டை

விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்கிற என்னைப்போல ஒரு மச்சாள் இருக்கும்போது மகளுக்குப் பட்மின்ரன் மட்டையை வேறு கடையில் வாங்க யாருக்கு மனம் வரும்? கடை எது என்று வதனி மச்சாள் என் மகனிடம் கேட்டறிந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து நின்றார். மணியடித்தால்தான் எங்கள் கதவு திறக்கும். ரூனே திறந்திருக்கிறார். நான் சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து எட்டிப் பார்க்கையில், காது மூடிகளுக்கும் கடதாசி இலக்குகளுக்கும் நடுவில், கம்பிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நின்ற துவக்குகளைப் பார்த்தபடி மச்சாள் உறைந்து நின்றார்.

முகத்தில் ரத்தமே இல்லை. இனி இவர் என்னோடு கதைக்கவே மாட்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "துவக்கோ?" என்றார் மெதுவாக. "ஓம் மச்சாள். துவக்குத்தான்." பின்னறைக்குக் கூட்டி வந்து கதிரையில் இருத்தினேன். ரூனே கோப்பி கொண்டுவந்தார். வந்தவர் வெளிறிப்போய் இருப்பதைப் பார்த்து, பாவம், நல்லது செய்வதாக நினைத்து, ஒரு மாதத்துக்குரிய வசனங்களை ஒரே மூச்சில் சொன்னார். சுவரில் அரங்களுக்கு நடுவில் ஆணியில் தொங்கிய கத்தரிப்பூத் துண்டைக் காட்டினார். இந்தத் துணி வந்த பிறகு ஒருவருக்கும் விரல் வெட்டவில்லை, கடையின் மானம் இதில்தான் தப்பியது, உங்கள் உறவினருக்கு நிரந்தர வேலை கொடுத்ததும் இதற்காகத்தான், இது எந்த நாட்டுத் தொழில்நுட்பம், இன்னும் எங்கே வாங்கலாம் என்றெல்லாம் கேட்டார்.

மச்சாள் கோப்பியைத் தொடவில்லை. மேசையில் தனியாகக் கிடந்த லீவரைப் பார்த்தார். "உது வெடிக்காதோ?" "இல்லை மச்சாள், சும்மா இரும்புத் துண்டு. கையை வெட்டும், அதைத்தான் மழுக்கிறனான்." "ஒருத்தருக்கும் ரத்தம் வராமல் இருக்கவோ நீர் இஞ்சை இருந்து அராவிறீர்?" "ஓம்." மச்சாள் எழும்பி, ஆணியிலிருந்து துணியை எடுத்து, சந்தையில் துணி பார்க்கிறவரைப்போல இரண்டு விரலால் பிடித்து, லீவரின் மேல் மெல்ல இழுத்தார். மாட்டவில்லை. இன்னொரு முறை இழுத்தார், அப்போதும் மாட்டவில்லை. முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியது. துணியைத் திருப்பினார். வெள்ளிக் கரை தெரிந்தது. கரையைப் பார்த்தார், நிமிர்ந்து என் இடுப்பைப் பார்த்தார், திரும்பவும் கரையைப் பார்த்தார். "அப்ப நீர் கொழுக்கேல்லை!"

துவக்குத் திருத்துகிற தொழிலில் ஆபத்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஆறு யாரின் அளவு தெரிந்த மச்சாள் ஒருவர் திராமனிலிருந்து ரயிலேறி வராமல் இருந்தால்.